நின்றால்தான் கேட்கும்

அவர் எனக்கு முதலில் காட்டியது ஒரு கறுப்புத் திரையைத்தான். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரம். சோதனைக்கென்று எங்களிடம் இருந்த கைத்தொலைபேசிகளில் ஒன்றை என் மேசையில் வைத்தார். காதுக்கருவியின் வயரைப் பொறுமையாகச் சிக்கெடுத்து என்னிடம் நீட்டினார். நான் மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் திரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். படம் வரவில்லை. தலைப்பு வரவில்லை. நிறுவனத்தின் சின்னம்கூட வரவில்லை. திரையில் என் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அண்ணை, இது ஸ்டக் ஆகிப்போச்சு."

"இல்லைத் தங்கச்சி, ஓடிக்கொண்டுதான் இருக்கு. திரையில ஒண்டும் வராது. காதால பாருங்கோ."

பொத்தானை அமர்த்தினேன். செருப்பில்லாத கால் சீமெந்துத் தரையில் படுவது போல ஒரு சத்தம். இன்னும் இரண்டு மூன்று முறை அமர்த்தினேன். காலடி, காலடி, காலடி. வேறெதுவும் இல்லை. அலுத்துப்போய் விரலை எடுத்தேன். அப்போதுதான் எங்கோ தூரத்தில் ஒரு மணிக்கூடு டிக் டிக் என்று ஓடுவது கேட்டது. அதை நோக்கிப் போகலாம் என்று பொத்தானை அமர்த்தியதும் மறுபடி என் காலடிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"நடந்தால் உங்கட சத்தம்தான் கேக்கும்," என்றார். "நிண்டால்தான் மற்றது கேக்கும். அவ்வளவுதான் விளையாட்டு."

அந்த நிறுவனம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் றெயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். றெயில் போகும்போது கணினித் திரைகள் இலேசாக நடுங்கும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்காகக் கைத்தொலைபேசி விளையாட்டுகள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. பெரும்பாலும் கிரிக்கெட், மோட்டார் சைக்கிள், துப்பாக்கி. அவர்கள் அனுப்பும் மாதிரியைப் பார்த்து இவர்கள் செய்வார்கள். நான் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வேன். நாள் முழுவதும் விளையாடுவதற்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு அந்த வேலையின் சலிப்பு தெரியாது. ஒரே சுவரில் நூறு தடவை மோதிப் பார்க்க வேண்டும். ஒரே எதிரி ஒரே மூலையிலிருந்துதான் வருகிறானா என்று பார்க்க வேண்டும். மாலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வரும்போது விரல்கள் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும்.

அண்ணை என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்துவிட்ட நீளக் கைச் சட்டை. பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவான குரல். கொடுத்த வேலையை மற்றவர்களுக்கு முன்பாக முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத விளையாட்டுகளைச் செய்வார்.

ஒன்றில் ஒரு சின்ன மனிதன் ஓடிக்கொண்டேயிருப்பான். ஓட வைக்கப் பொத்தான் கிடையாது. பொத்தானை அமர்த்தினால் அவன் நிற்பான். எந்த இடத்தில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. இன்னொன்றில் ஒரு பட்டம் பறக்கும், ஆனால் பட்டத்தை நாம் பார்க்க முடியாது. தரையில் விழும் அதன் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டு நூலை இழுக்கவும் விடவும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வள்ளம். வள்ளத்தை நாம் ஓட்ட முடியாது. கடலை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். முகத்துவாரத்தில் களனி ஆறு கடலோடு சேரும் இடத்தில் மீன்பிடி வள்ளங்கள் அலைக்காகக் காத்து நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அதை விளையாடும்போது என் கையில் கடலே இருப்பது போலிருந்தது. அந்த விளையாட்டில் பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

எங்கள் பொஸ் கொட்டாஞ்சேனையில் துணிக்கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் இளைய மகன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். இவற்றையெல்லாம் ஆசையோடு விளையாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே திருப்பிக் கொடுப்பார். கறுப்புத் திரையைக் காட்டியபோது மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"என்னங்க இது? படமே இல்லாத வீடியோ கேமா? கண்ணு தெரியாதவங்களுக்கா விக்கப் போறோம்?"

"அவைக்கும் விளையாட ஆசை இருக்கும்தானே," என்றார் அண்ணை.

பொஸ் சிரித்துவிட்டார். "சரி, போன்ல வச்சுக்கங்க. ஆனா கிரிக்கெட்டை முதல்ல முடிச்சுக் குடுங்க."

அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகொரு நாள்தான் சொன்னார். அவருடைய மனைவியும் மகளும் வன்னியில் இருந்தார்கள். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஏதோ அலுவலாக ஒரு கிழமைக்கு என்று கொழும்புக்கு வந்தவர் அவர். வந்த இடத்தில் போர் மறுபடி மூண்டு, வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு போகவும் முடியவில்லை, அவர்களைக் கொழும்புக்குக் கூப்பிடவும் முடியவில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, பொலிசில் பதிந்து, வேலை தேடி எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. விளக்கை நூர்த்து இருட்டானால் மகள் பயந்து அழுவாளாம். அந்தப் பயத்தைப் போக்குவதற்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தார். இருட்டில் ஒரு மூலையில் போய் நின்று, விரலால் சுவரில் இலேசாகத் தட்டுவார். அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி வந்து அவர் காலைக் கட்டிக்கொள்வாள்.

"ஓடி வந்தால் பிடிக்க மாட்டாள். அவளின்ர கால் சத்தத்தில என்ர சத்தம் கேக்காது. அங்கங்க நிண்டு நிண்டு வருவாள். அவளாக் கண்டுபிடிச்சது அது. நான் சொல்லிக் குடுக்கேல்லை."

மனைவி இடைக்கிடை ஒரு தொலைத்தொடர்புக் கடையிலிருந்து எங்கள் அலுவலக எண்ணுக்கு அழைப்பார். அண்ணை பேசும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவோம். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது அவர் கணினியைப் பார்த்தபடி இருப்பார். திரையில் எதுவும் இருக்காது.

விளையாட்டு வளர்ந்தபோது அதற்கு வீட்டுச் சத்தங்கள் தேவைப்பட்டன. மேசையில் தட்டி எடுத்த காலடியும் கைக்கடிகாரத்தின் டிக் டிக்கும் போதவில்லை. லொட்ஜில் என்ன சத்தம் இருக்கும்? கதவு அடிபடும், யாரோ விசாவைப் பற்றிக் கதைப்பார்கள், தண்ணீர் வாளி உருளும். காலி வீதியில் நின்று ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் பிடிக்க அந்தக் காலத்தில் எந்தத் தமிழனுக்கும் துணிவு வராது.

"நான் எடுத்துத் தாறன் அண்ணை. எங்கட வீட்டில எல்லாச் சத்தமும் இருக்கு," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் இருக்கவில்லை. அப்பா இறந்து சில வருடங்களாகியிருந்தன. அண்ணன் பிரான்சில். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடா போன அம்மா, பிள்ளை தவழ்ந்த பிறகு, நடந்த பிறகு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் வரும் பேச்சையே விட்டுவிட்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் அந்தப் பழைய வீட்டில் நான் ஒருத்திதான். வந்ததும் வானொலியைப் போடுவேன். கேட்பதற்காக அல்ல. ஒருவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானொலியைப் போடவில்லை. கருவியை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன். திருகுபலகையில் உட்கார்ந்து தேங்காய் திருவினேன். ஒருவருக்குச் சமைப்பதற்கு அவ்வளவு தேங்காய்ப்பூ தேவையில்லை. அம்மாவின் தையல் மெஷினின் உறையை எடுத்து, ஊசியில் நூல் இல்லாமலே மிதித்தேன். பின்கதவின் கொண்டியைப் போட்டு எடுத்தேன். குசினிக் குழாயை இலேசாகச் சொட்டவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடந்து என் காலடியையும் பதிந்தேன். எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் கேட்டபோது, அந்த வீட்டில் நாலைந்து பேர் இருப்பது போலிருந்தது. அம்மா தைக்கிறார், யாரோ திருவுகிறார்கள், யாரோ பின்கதவால் வருகிறார்கள். கேட்டுக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சோறு அடிப்பிடித்து மணத்த பிறகுதான் எழுந்தேன்.

அவற்றை வைத்து அவர் விளையாட்டை முடித்தார். விளையாடுபவர் ஒரு பிள்ளை. இருட்டு வீடு. மணிக்கூடு கூடத்தில், தேங்காய் திருவும் சத்தம் குசினியில், தையல் மெஷின் அறையில். அவற்றைக் கேட்டுக் கேட்டு இடத்தை மனதில் வரைந்துகொண்டு, எங்கோ சுவரில் தட்டிக்கொண்டிருக்கும் தகப்பனைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் கூடினால் கிட்டப் போகிறோம், குறைந்தால் விலகுகிறோம். கண்டுபிடித்துவிட்டால் அண்ணையின் குரல் சொல்லும்: "பிடிச்சிட்டாய்!"

அலுவலகத்தில் அதைக் கடைசிவரை விளையாடியவர் யாருமில்லை. பொறுமை கிடையாது. நான் மட்டும் முடித்தேன். என் வீட்டில் நான் வழி தவற முடியாதே.

பிறகு ஒரு நாள் காலையில் அவர் வேலைக்கு வரவில்லை. லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பலரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கீழே கடைக்காரர் சொன்னார். மத்தியானத்துக்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அண்ணை வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் பொஸ்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: அவருடைய சட்டைப்பையில் இருந்த போனில் ஏதோ டிக் டிக் என்று சத்தம் வந்ததாம். திரை கறுப்பாக இருந்ததாம். அதோடு அடையாள அட்டையில் வன்னி விலாசம்.

பொஸ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீ ஸ்டேஷனுக்குப் போகாதம்மா. போனா உன் பேரையும் எழுதிருவாங்க. வக்கீலைப் பார்ப்போம். புதுக்கடை கோர்ட்டுல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்."

வக்கீல் பார்ப்பதாகச் சொன்னார். நாட்கள் போயின. இதற்கிடையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல், அவரைக் கேட்டது. அவர் சில நாட்களாக வேலைக்கு வரவில்லை என்றேன். அவர் மனைவிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்களோ?"

"ஓம் அக்கா."

பக்கத்தில் யாரையோ பொறுக்கச் சொன்னார். பிறகு, "பிள்ளைக்கு நான் அப்பா வேலையில நிக்கிறார் எண்டு சொல்லுறன். நீங்கள் ஆர் தங்கச்சி?"

"கூட வேலை செய்யிற ஆள். நான் போய்ப் பாக்கிறன் அக்கா."

அடுத்த நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் உள்ளே வாங்கில் உட்கார விட்டார்கள். நான் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் சிங்களம் பேசி வளர்ந்தவள். அது ஒன்றுதான் என்னிடமிருந்த பலம். பல தடவை போய் வந்த பிறகு ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட நடுவயது அதிகாரி ஒருவர். மேசையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் போன். பற்றரியைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"நங்கி, இதை அமர்த்தினால் டிக் டிக் என்கிறது. திரையில் ஒன்றுமில்லை. இது எதை வெடிக்க வைக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

"எதையும் இல்லை, சேர். இது ஒரு விளையாட்டு."

"படம் இல்லாத விளையாட்டா?"

"ஓம் சேர். கேட்டு விளையாடுவது."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பையை என் பக்கம் தள்ளினார். "பற்றரியைப் போடு. நீயே போடு."

நான் போட்டேன். கதவருகில் நின்ற பொலிஸ்காரர் ஓரடி பின்வாங்கி வெளியே நின்றுகொண்டார். அதிகாரி அசையவில்லை, ஆனால் அவருடைய கைகள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன. விளையாட்டைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன். டிக், டிக், டிக். எங்கள் வீட்டு மணிக்கூடு அந்த மேசையின் மேல் ஓடியது.

"நீங்களே விளையாடிப் பாருங்கள், சேர்."

அவர் தயங்கித்தான் வாங்கினார். முதலில் எல்லோரையும் போலத்தான். பொத்தானை அமர்த்திக்கொண்டேயிருந்தார். காலடி, காலடி, சுவரில் மோதும் சத்தம், மறுபடி காலடி. எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"நில்லுங்கள் சேர். நின்றால்தான் கேட்கும்."

விரலை எடுத்தார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு, தூரத்தில், தேங்காய் திருவும் சத்தம். அவருடைய நெற்றி சுருங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"பொல் காணவா," என்றார், தேங்காய் திருவுகிறார்கள் என்று, தனக்குள் சொல்வது போல.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டடி நடப்பார், நிற்பார். குசினியைத் தாண்டினார். தையல் மெஷினிடம் வழிதவறி மறுபடி மணிக்கூட்டுக்கு வந்தார். வெளியே நின்ற பொலிஸ்காரர் உள்ளே வந்து, அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், திரையில் பார்க்க எதுவும் இல்லாதபோதும். சுவரில் தட்டும் சத்தம் கூடிக் கூடி வந்தது. அவர் முடித்துவிட வேண்டும் என்றும் முடிக்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் முடிவில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும்.

"பிடிச்சிட்டாய்!" என்றது அண்ணையின் குரல்.

அதிகாரி திடுக்கிட்டுப் போனை மேசையில் வைத்தார். அது அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்த மனிதனின் குரல் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன சொல்கிறான்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் தமிழ் தெரிந்த இன்னொருவர் வந்து கேட்டால் என்னாவது என்று பயந்தேன். "'என்னைப் பிடித்துவிட்டாய்' என்கிறார், சேர்," என்றேன். அவசரமாகத் தொடர்ந்தேன்: "ஒளித்துப் பிடித்து விளையாடும்போது பிள்ளையிடம் சொல்வது. அவருடைய மகளுக்காகச் செய்தது."

"மகள் எங்கே?"

"வன்னியில்."

"என்ன வயது?"

"ஏழு, சேர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பற்றரியைத் தானே கழற்றி, போனைப் பைக்குள் போட்டார். "விளையாட்டுத்தான்," என்று பொலிஸ்காரரிடம் சொன்னார். என்னிடம், "ஆனால் அவனை விடுவது என் கையில் இல்லை, நங்கி. விசாரணை மேலே போய்விட்டது," என்றார். போகும் முன் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார். அதுவே பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வீட்டில இருந்து போன் வந்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

"வந்தது அண்ணை. அக்கா சுகமா இருக்கிறா. பிள்ளையும்."

"நீங்கள் இஞ்ச வரப்படாது தங்கச்சி," என்றார். ஆனால் நான் திரும்பும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவரைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பல மாதங்களுக்குப் பிறகு, குற்றமெதுவும் சுமத்தாமல் விட்டார்கள். லொட்ஜில் மறுபடி சேர்க்கவில்லை. பயந்தவர் என்று நான் சொன்ன பொஸ்தான் அலுவலகத்தின் பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, தன் பெயரில் பொலிசில் பதிந்து அவரை வைத்துக்கொண்டார். அவர் இன்னும் மெலிந்திருந்தார். பேசும்போது தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். இடது காதுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொடுத்த வேலையைச் செய்தார், கிரிக்கெட்டும் மோட்டார் சைக்கிளும். புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

வன்னியிலிருந்து அழைப்புகள் நின்றுவிட்டன. கடைசி மாதங்களில் அவர் வானொலியை வலது காதோடு வைத்துக்கொண்டு ஜன்னலருகில் இருப்பார். நான் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்து மேசையில் இருப்பேன். சில நாட்களில் வேலை முடிந்தும் பஸ்ஸுக்குப் போகாமல் அப்படியே இருந்திருக்கிறேன். கதைக்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றல்ல.

போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் தெருவெங்கும் பட்டாசு. கீழே பாற்சோறு பகிர்ந்தார்கள். பொஸ் ஜன்னல்களை அடைக்கச் சொன்னார். ஒவ்வொரு வெடிக்கும் அண்ணை ஒரு கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டார்.

பிறகு அவர் வவுனியாவுக்குப் போனார். வன்னியிலிருந்து வந்த சனங்களை அடைத்து வைத்திருந்த முகாம்களின் வேலிகளுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மகளைக் கண்டுபிடித்தார், மனைவியின் தங்கையோடு. மனைவி உயிரோடு இல்லை. இதை அவர் தொலைபேசியில் சொன்னபோது குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. விளையாட்டை மகளிடம் கொடுத்ததாகச் சொன்னார். பொஸ்ஸிடம் கேட்டு வேறொரு போனில் அதைப் போட்டுக் கொண்டுபோயிருந்தார். அவள் காதில் மாட்டியவுடனேயே கழற்றிவிட்டாளாம்.

"'அப்பா, இருட்டில சத்தம் கேட்டால் ஓடத்தானே வேணும். ஏன் நிக்கச் சொல்லுறியள்?' எண்டு கேக்கிறாள் தங்கச்சி."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப விளக்கை நூர்க்காமல்தான் படுக்கிறம்," என்றார். "அதுவும் நல்லதுதான்."

அவர் கொழும்புக்குத் திரும்பவில்லை. வவுனியாவில் சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை போட்டார். முதலில் அடிக்கடி பேசினோம், பிறகு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும், பிறகு அதுவும் குறைந்தது. எங்கள் நிறுவனம் மூடப்பட்டது. அந்த வீடிருந்த இடத்தில் இப்போது உயரமான மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நான் வேறு பெரிய அலுவலகத்தில், அதே போன்ற வேலையில் இருக்கிறேன். இளம் பிள்ளைகள் புதுப்புது விளையாட்டுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காலம் பின்னால் ஓடும் ஒன்று, நிழலோடு சேர்ந்து விளையாடும் ஒன்று. இப்படி யாரும் இதுவரை யோசித்ததில்லை என்கிறார்கள். நல்லவைதான். அவர்களுக்கு நான் பழைய கதை எதுவும் சொல்வதில்லை.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காக வவுனியா போனபோது கடையைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது காதும் இப்போது சரியாகக் கேட்பதில்லை. மகள் வளர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, பின்னேரங்களில் கடையில் உதவி செய்கிறாள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் மணிக்கட்டைத் தொடுவாள். அவர் நிமிர்ந்து அவளுடைய உதடுகளைப் பார்ப்பார். நான் சொன்னவற்றையெல்லாம் அவளே திரும்ப அவருக்குச் சொன்னாள். பொஸ்ஸின் சுகம் கேட்டார். என் அம்மாவின் சுகம் கேட்டார். நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேனா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு யாரோ உடைந்த போனோடு வந்துவிட்டார்கள்.

மகள்தான் என்னோடு பஸ் நிலையம்வரை நடந்து வந்தாள். நல்ல வெயில். அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை ஏதேதோ கதைத்தாள். பிறகு திடீரென்று நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அன்ரி, கொழும்பில நிண்ட காலத்தைப் பற்றி அப்பா ஒண்டும் சொல்லுறேல்லை. நானும் அம்மாவும் வன்னியில ஆளுக்காள் துணையா இருந்தனாங்கள். அப்பாவுக்கு அங்க ஆரும் இருந்தவையோ?"

பஸ் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னே நெருங்கினார்கள். இத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் இருந்தனான்," என்றேன்.